கத்தரி வைக்கும் நேரம்

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை என்றால் அவர்கள் வீட்டு பிரிண்டரைப் பழுதுபார்க்கக் கூப்பிடுகிறார்கள். மென்பொருள் என்றால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். கடைசியில் எனக்கு வாய்த்த பதில் இதுதான்: புடவை வேறு யாரோ நெய்தது, நான் அதற்கு ரவிக்கை தைக்கிறேன்.

சொன்னதில் பொய் அதிகமில்லை. கடைகளில் பில் போடும் மென்பொருளைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனம் செய்து விற்கிறது. சரக்கு, வரி, கூட்டல், கழித்தல் எல்லாம் அதற்குத் தெரியும். ரவிக்கை மட்டும் தெரியாது. கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், பின்பக்கம் கயிறா கொக்கியா, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தையல் கடைக்காரர் பதிந்துவைக்க அதில் இடமே கிடையாது. அந்த இடத்தை நான் உண்டாக்கினேன். நான் எழுதிய சின்ன நிரல் அந்தப் பெரிய மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவுகளைக் காட்டும், கழுத்து வடிவங்களைப் படத்தோடு காட்டும். தைத்து முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் புடவைக்காரியின் கைப்பேசிக்கு, 'உங்கள் ரவிக்கை தயார்' என்று செய்தி போகும். இதற்குத் தமிழில் செருகுநிரல் என்று அழகான சொல் இருக்கிறது. என் வாடிக்கையாளர்கள் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'தையல்'தான். "தங்கச்சி, ஒன் தையலு காலையிலேர்ந்து ஓட மாட்டுது" என்று போன் வந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டரையே இன்னும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். அதற்கு முன்பு பல வருடங்கள் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். இருட்டில் எழுந்து, பஸ் மாறி, எல்லைப் பாலத்தைக் கடந்து, மறுபடி பாலத்தைக் கடந்து இருட்டில் வந்து சேருவேன். என் சொந்த வீட்டு வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. தையல் ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலையை விட்டேன். கடைக்காரர்கள் வருடா வருடம் தீபாவளி முடிந்த கையோடு சந்தாவைப் புதுப்பிப்பார்கள். அதில்தான் என் பிழைப்பு. அவர்கள் தீபாவளி நன்றாகப் போனால் நான் வீட்டில் இருக்கலாம், போகாவிட்டால் மறுபடியும் பாலம்.

மென்பொருள் விற்பதைவிட, விற்றதைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை என்பது வெளியே தெரியாத விஷயம். கோலாலம்பூர்க்காரர்கள் தங்கள் புடவையின் கரையை மாற்றினால் நான் ரவிக்கையை மாற்ற வேண்டும். தொடக்கத்தில் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு நானே காரில் போவேன். அது நல்ல சுகமான காலம்தான். ஒரு கடையில் டீ, அடுத்த கடையில் சாப்பாடு, அதற்கடுத்த கடையில் "சாப்ட்டு வந்துட்டேன்னு சொன்னா எப்படி லா" என்று ஒரு மூச்சுக் கோபம். இரண்டு மாதத்தில் என் ரவிக்கைகள் எனக்கே பத்தாமல் போயின. அதைவிடச் சிக்கல், ஒரு கடையில் விட்டுவந்த பென்டிரைவ் தெரு முழுக்க உலா போய்விடும். காசு கட்டாத கடையிலெல்லாம் என் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். ஏன் கொடுத்தீர்கள் என்று ஒரு கடைக்காரரைக் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு, அதான் குடுத்தேன்" என்றார். அந்த வாயை என்ன செய்வது? திட்டப் போனவள் சிரித்துவிட்டு வந்தேன்.

அதனால் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிச் சாவி கொடுத்தேன். சாவி உள்ள கடைக்கு, வாடகைக்கு எடுத்த என் சர்வரிலிருந்து அப்டேட் நேராகப் போய்ச் சேரும்படி செய்தேன். திரையின் மூலையில் ஒரு சின்ன மணி படம் வரும். அதைத் தொட்டால் கோப்பு இறங்கும். இறங்கி முடிந்ததும் 'புதிய பதிப்பை ஏற்றலாமா?' என்ற கேள்வியும், கீழே 'ஆம்', 'பிறகு' என்ற இரண்டு பொத்தான்களும் வரும். மனித குலத்துக்கு இதைவிட எளிதான ஒன்றைச் செய்துகொடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் 'பிறகு' என்பதையே அழுத்தினார்கள்.

ஏன் என்று பெக்கோக் அக்காவைக் கேட்டேன். அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெக்கோக்கில் தையல் கடை வைத்திருப்பவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பாதிப் பெண்கள் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். என் கடைக்காரர்களுக்காக நான் தொடங்கிய வாட்ஸ்அப் புலனக் குழுவில் நான் ஒரு பக்கம் எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். அக்கா கட்டைவிரலைக் காட்டினால் போதும், ஜொகூர் முழுக்க வேலை நடக்கும்.

"இன்னிக்கு செவ்வாக்கெழம தங்கச்சி. புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டோம்" என்றார் அக்கா.

"நேத்து திங்கட்கிழமதானே அக்கா?"

"நேத்து நீ சொன்னது காலையில எட்டு மணிக்கு. ராகு காலம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. நாள், நட்சத்திரம், நல்ல நேரம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என் கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடியும் தறுவாயில்தான் மேடை ஏறினேன், சடை பின்ன நேரமாகிவிட்டது. சினாய் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவர் இன்றுவரை எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறார். நிரலுக்கு ஏது ராகு, ஏது கேது என்று அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம போடுறேன்" என்றார்.

அதோடு பழகிக்கொண்டேன். சாதாரண மாதங்களில் அதனால் நட்டமும் இல்லை. தங்காக்கில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் பாய் மட்டும் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "எனக்கு எந்த நேரமும் ஓக்கே தங்கச்சி. வெள்ளிக்கெழம மட்டும் ஜும்மா முடிஞ்சு வா" என்பார். சொன்ன சொல் மாறாமல் போட்டும் விடுவார்.

இந்தத் தீபாவளிக்கு முன்பு வந்தது வினை. கோலாலம்பூர் நிறுவனத்திலிருந்து அறிவிப்பு. அடுத்த திங்கட்கிழமை காலை கடைகளில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது அவர்கள் மென்பொருள் தானாகவே புதிய பதிப்புக்கு மாறிவிடுமாம். பழைய செருகுநிரல்கள் அதில் திறக்கவே திறக்காதாம். அதாவது, தீபாவளிக்கு வெட்டவும் தைக்கவும் கிடக்கும் ரவிக்கைகளின் அளவெல்லாம் கடைக்காரர்கள் கண்ணெதிரே பூட்டிக்கொள்ளும். எந்தத் துணி யாருக்கு, எந்தக் கழுத்து யாருடையது என்று ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு ரவிக்கை வராத பெண்ணுக்குக் கடைக்காரரிடம் வரும் கோபத்தை நான் கற்பனை செய்து பார்த்தேன். கடைக்காரருக்கு என்னிடம் வரும் கோபத்தையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஆனால் வேலை நன்றாகவே நடந்தது. புதிய பதிப்பைப் புதன்கிழமையே முடித்துவிட்டேன். பண்டிகை நேரம் என்பதால் புதிய கழுத்து வடிவங்களின் படங்களையும் ஏராளமாகச் சேர்த்தேன். கோப்பு நன்றாகக் கொழுத்துவிட்டது. சந்தா முடிந்த கடைகளுக்கும் தீபாவளி வரைக்கும் கதவைத் திறந்துவைத்தேன். குழுவில், 'திங்கட்கிழமைக்குள் கண்டிப்பாக அனைவரும் ஏற்றிவிடுங்கள்' என்று எழுதினேன். அந்த முறை அறிவிப்பைப் படித்தார்கள். படித்ததுதான் பிரச்சினை.

முக்கியமான அப்டேட் என்றதும் முக்கியமான நேரம் பார்க்க வேண்டாமா? குழுவில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. வழக்கமாக அவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. காலண்டரில் போட்டிருக்கும் நேரம்தான் நேரம் என்று ஒரு கட்சி. இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது, அதனால் ஒரு மணி நேரம் தள்ளித்தான் கணக்குப் போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. அவர்கள் பிரிந்தே இருந்திருக்கலாம். என் கெட்ட காலம், அன்றைக்கு ஒற்றுமை வந்துவிட்டது. பெக்கோக் அக்கா நாட்காட்டித் தாளைப் படம் பிடித்துப் போட்டு, 'வெள்ளி காலை 9.15' என்று எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் வைத்து வெள்ளிக்கிழமையே எல்லோரும் போட்டுவிடுவார்கள். கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "எல்லாரும் ஒரே நேரத்துலயா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்குப் புரிந்தது.

இருநூறு சொச்சம் கடைகள். ஜொகூரின் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலை வரை ஒவ்வொரு கடையிலும் ஒருவர் மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். முள் ஒன்பதே காலைத் தொட்டதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் மணியைத் தொட்டார்கள். நான் வாடகைக்கு எடுத்திருந்ததோ இருப்பதிலேயே சின்ன சர்வர். அது இந்தக் கொழுத்த கோப்பை இருநூறு கைகளில் ஒரே நேரத்தில் கொடுக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே மயங்கி விழுந்தது. எல்லாக் கடைத் திரையிலும் பச்சைக் கோடு பாதி தூரம் போய் நின்றது.

நான் அதைத் தண்ணீர் தெளித்து எழுப்பாத குறையாக எழுப்பி, அளவைப் பெரிதாக்கி, நிமிர்ந்து பார்த்தபோது மணி பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. என் நிரல் விடாப்பிடியானது. கோப்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்து தானே மெதுவாக இறக்கி முடித்துவிடும். மாலைக்குள் எல்லாக் கடைகளிலும் முழுக்க இறங்கிவிட்டது என்று என் பக்கத்தில் தெரிந்தது. கடைக்காரர் 'ஆம்' என்று ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும், அதற்கு இண்டர்நெட் லைன்கூட வேண்டாம் என்று குழுவில் எழுதியும் வைத்தேன். ஆனால் யார் அழுத்துவது? நல்ல நேரம் பார்த்துத் தொட்ட காரியம் பாதியில் நின்றுவிட்டது. குழுவில் பெக்கோக் அக்கா எழுதியிருந்தார்: 'சகுனம் சரியில்லை. நான் இந்த அப்டேட்டைத் தொடுவதாக இல்லை.' கீழே மறுபடியும் கட்டைவிரல்கள்.

ஜும்மா முடிந்து வந்து 'ஆம்' அழுத்தியவர் பாய் ஒருவர்தான். 'எனக்கு ஏறிருச்சு, ஜோரா ஓடுது' என்று படத்தோடு போட்டார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே ஒருவர் பதில் எழுதினார்: 'பாய்க்கு நம்ம நேரம் ஒட்டாது.' நான் தலையில் அடித்துக்கொண்டேன். குழுவில் நாலு வரி சூடாக எழுதி, அனுப்பப் போகும் நேரத்தில் பாயிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, ஏசி எழுதிட்டியா?"

"அனுப்பல இன்னும்."

"அழிச்சிரு. எழுதுனா யாரும் கேக்க மாட்டாங்க. அக்கா சொன்னாத்தான் கேப்பாங்க. நீ நேர்ல போயிரு."

சனிக்கிழமை காலை கணவர் காரை எடுத்தார். நெடுஞ்சாலையில் ஏறி, யோங் பெங்கில் இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, அக்காவிடம் என்னென்ன பேச வேண்டும் என்று நான் சத்தமாக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சர்வர் என்றால் என்ன, கோப்பு எப்படி இறங்குகிறது, அறிவியல் எங்கே நிற்கிறது, ராகு எங்கே நிற்கிறார் என்று பெரிய சொற்பொழிவு. கணவர் வழி முழுக்க "ம்" போட்டுக்கொண்டு வந்தார். பெக்கோக்கில் இறங்கியதும், "நான் டீ குடிச்சிட்டு வரேன். நீ பேசு" என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

அக்கா கடையில் நிற்க இடமில்லை. மூன்று பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். சுவர் ஓரம் ஆள் உயரத்துக்குத் துணிக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் என் நிரல் அச்சடித்த சீட்டு ஊசியால் குத்தப்பட்டிருந்தது. அக்கா கழுத்தில் அளவு நாடா, காதோரம் நீலச் சாக்பீஸ் பொடி. கம்ப்யூட்டரைத் தேடினேன். மூலையில் இருந்தது. அதன்மேல் ஒரு லைனிங் துணியைப் போர்த்தி மூடியிருந்தார்கள்.

"வா தங்கச்சி. சாப்ட்டியா?" என்றார் அக்கா.

"என்னக்கா இப்படி மூடி வச்சிருக்கீங்க?"

"அந்தக் கேள்வி கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. ஏத்தலாமா, ஏத்தலாமான்னு. அதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல மா. நேரம் பாத்துத் தொட்டது பாதியில நின்னுருச்சு. அத மறுபடி தொட மாட்டேன். அவ்ளோதான்."

என் சொற்பொழிவு வாய் வரை வந்தது. "திங்கக்கெழம இதெல்லாம் பூட்டிக்கும் அக்கா. இத்தன துணிக்கும் அளவு தெரியாது. அப்ப சகுனமா வந்து தச்சுக் குடுக்கும்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். காத்திருந்த பெண்கள் மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு பெண்ணின் துணியை வாங்கி, பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, கட்டி, சுவர் ஓரக் குவியலின் மேல் வைத்தார். வெட்டவில்லை. அதற்கு அடியில் கிடந்தவையும் வெட்டாதவையே.

கோபத்தில்தான் கேட்டேன். "இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"போன வாரம், அதுக்கு முந்தின வாரம்."

"எல்லாம் நல்ல நேரம் பாத்துத்தான் வந்துச்சா?"

அக்கா என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "துணி எப்ப வேணா வரும் லா. ராகு காலத்துல வரும், எமகண்டத்துல வரும். போன மாசம் கோலாலம்பூர்லேர்ந்து வந்த லாரி சிகாமட்டுலயே ரெண்டு நாளு படுத்துக்கிச்சு. துணிக்கு நேரம் பாக்க முடியுமா? கத்தரி வைக்கிறதுக்குத்தான் நேரம் பாப்போம்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. இவ்வளவு நேரம் நான் தப்பான விஷயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். சொற்பொழிவை அங்கேயே போட்டேன்.

"அக்கா, வெள்ளிக்கெழம நின்னது லாரிதான். துணி வந்துக்கிட்டிருந்த வழியில நின்னுச்சு. சாயங்காலமே வந்து சேந்துருச்சு. இன்னும் கத்தரி வைக்கல."

அக்காவின் கை நின்றது. மூலைக்குப் போய் லைனிங் துணியை விலக்கினார். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் இன்னும் மானிட்டர் ஓரத்தில் இருந்தது. 'புதிய பதிப்பை ஏற்றலாமா?' என்ற கேள்வி அப்படியே நின்றது.

"அப்ப இது என்ன கேக்குது?"

"கத்தரி வைக்கவான்னு கேக்குது."

"நெசமா வைக்கலியா?"

"நான் எழுதுன நிரல் அக்கா. நீங்க 'ஆம்'னு சொல்லாம அது ஒரு நூலைக்கூடத் தொடாது."

காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "லாரி நின்னதுக்குத் துணிமேல என்னக்கா குத்தம்?" என்றாள். அந்தத் தங்கத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. அக்கா நாட்காட்டியில் அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துக் குழுவில் குரல் செய்தி போட்டார்: "எல்லாரும் கேளுங்க. கத்தரி வைக்கல. துணிதான் வந்திருக்கு. நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு 'ஆம்' அமுக்குங்க."

அவ்வளவுதான். நான் பல வருடங்களாக உதவிக் குறிப்புகளும் படங்களும் போட்டு விளக்க முயன்றதை அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாடாவும் நாங்களும் சிக்கிக்கொண்டோம்.

சிக்கை எடுத்தபோது அக்கா கேட்டார்: "ஒன் தீபாவளி பிளவுஸ் எங்க குடுத்திருக்க?"

"எங்கயும் குடுக்கல அக்கா. நேரமே இல்ல."

"ஊருக்கெல்லாம் தையலு, ஒனக்கு ஒண்ணும் இல்லியா?" அலமாரியிலிருந்து கிளிப்பச்சையில் ஒரு துணியை இழுத்துப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அளவெடுத்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் கேள்வியை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் அளவுகளைப் பதிந்து, என் கைப்பேசி எண்ணையும் தட்டினார். நானே செய்த அந்தப் பக்கத்தில் என் பெயர் அன்றைக்குத்தான் ஏறியது. இத்தனை வருடத்தில் நான் என் தையலுக்கு வாடிக்கையாளராக இருந்ததே இல்லை. டீ குடித்துவிட்டு வந்த கணவர், சண்டைக்குப் போனவள் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே மேசையில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கடையில் புதிய பதிப்பு ஏறிவிட்டது என்று காட்டும் ஒரு பக்கம் எனக்கு உண்டு. ஏறாத கடை சாம்பல் புள்ளி, ஏறிய கடை பச்சைப் புள்ளி. ஏழே முக்காலுக்குப் பச்சை விழ ஆரம்பித்தது. மூவாரில் ஒன்று, குளுவாங்கில் மூன்று, மாசாயில் ஒரு கொத்து. சர்வருக்கு வேலையே இல்லை, துணிதான் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதே. குழுவில் படங்கள் குவிந்தன. மானிட்டருக்கு மல்லிகைச் சரம், கீபோர்டு பக்கத்தில் சூடம். ஒரு கடையில் எலுமிச்சம்பழத்தை வெட்டி மவுசின் இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் கணக்குப் போடும் கட்சியும் சரியாக எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தது. நான் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பச்சைக்கும் ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். கணவர் அடுப்படியிலிருந்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு காலை எனக்குச் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

மதியத்துக்குள் ஒரே ஒரு சாம்பல் புள்ளிதான் மிச்சம். பெக்கோக்.

போன் போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன். குழுவிலும் அக்காவைக் காணோம். மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் மனம் மாறிவிட்டாரா? கடையில் குவிந்து கிடந்த அந்தத் துணிகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இருநூறு பச்சைப் புள்ளிகளைப் பார்க்காமல் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கடையும் தப்பித்து, எல்லாரையும் தப்பிக்க வைத்த அக்கா கடை மட்டும் பூட்டிக்கொண்டால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த நினைப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போலாமா?" என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். போய் நின்றால் நம்பாததுபோல் ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை கணவர் தொழிற்சாலை பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்விட்டார். கோலாலம்பூர் மென்பொருள் கடை கடையாக மாறத் தொடங்கியது. தங்காக் பாய், 'ஜோரா ஓடுது' என்று மறுபடியும் போட்டார். மற்ற கடைகளிலும் அளவுகள் ஒழுங்காகத் திறந்தன. நான் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குத்தான் அக்கா கடை திறப்பார்.

பத்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன்.

'வணக்கம். உங்கள் ரவிக்கை தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும். நன்றி.'

முதலில் யாரோ ஒரு கடைக்காரர் சோதனை செய்து பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கீழே பெக்கோக் கடையின் பெயரைப் பார்த்தேன். தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தால், கடைசிப் புள்ளியும் பச்சை. பல வருடங்களுக்கு முன்பு இதே மேசையில் உட்கார்ந்து, 'வாங்கிக்கொள்ளவும்' என்று போடலாமா, 'பெற்றுக்கொள்ளவும்' என்று போடலாமா என்று கணவரோடு வாக்குவாதம் செய்து நான் எழுதிய வாசகம் அது. எத்தனையோ ஆயிரம் பெண்களுக்குப் போன செய்தி, எனக்கு வந்தது அன்றுதான். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்தது.

உடனே அக்கா போன் செய்தார். "கெடைச்சுச்சா?"

"கெடைச்சுச்சு அக்கா. நேத்து பூரா எங்க போனீங்க? நான் செத்துப் பொழைச்சேன்."

"சனிக்கெழம ராத்திரி பேய் மழ லா. மரம் விழுந்து லைனு, போனு ஒண்ணும் இல்ல, கரண்டு மட்டும் இருந்துச்சு. இன்னிக்குக் காலையிலதான் லைனு வந்துச்சு. லைன் வேண்டாம்னு நீதானே எழுதியிருந்த? நேத்து சரியா ஏழே முக்காலுக்கு அமுக்கிட்டேன். அமுக்கின கையோட ஒன் துணிக்குக் கத்தரி வச்சேன். ரெண்டும் ஒரே நேரம்."

"இப்பவே கெளம்பி வரேன் அக்கா" என்று எழுந்தேன்.

"இப்ப வேணாம். பத்தரைக்கு எமகண்டம். பன்னெண்டுக்கு மேல கெளம்பு."

கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில் எங்கள் வீட்டுக்கு வலது பக்கம் விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.